எண்ணும் படமும் யார் கையில்? சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தனியுரிமை

2016 ஜூன் மாதம் சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பகுதியில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிய படத்தை யாரோ முகநூலில் ஏற்றியிருந்தார்கள். ஜூன் 23 அன்று பெற்றோர் காவல்துறையிடம் புகார் கொடுத்தார்கள். ஏற்றியவரின் விவரம் கேட்டு முகநூல் நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதாகக் காவல்துறை சொன்னது. அந்தக் காத்திருப்புக்கு நடுவிலேயே இன்னொரு படமும் வெளிவந்தது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் இறந்தார். புகாரைக் கவனிக்கக் கைப்பேசி ஒன்றைக் கையூட்டாகக் கேட்டதாக சைபர் பிரிவுக் காவலர் மீது பெற்றோர் குற்றம்சாட்டினர். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு கைதானவர் எங்கோ இருந்த ஹேக்கர் அல்லர், அதே வட்டாரத்து இளைஞர்.

“பொம்பளப் புள்ள போட்டோ போடக் கூடாது” என்பதுதான் இந்தச் சாவிலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட பாடம். அது தவறான பாடம் என்றே கருதுகிறேன். யாருக்கும் தன் படத்தை அனுப்பவில்லை என்று அந்தப் பெண் தன் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் பக்கம் பிழை எதுவும் இல்லை. படம் தவறான கைக்குப் போனது, படத்தை வைத்திருந்த நிறுவனம் உடனே பதில் சொல்லாதது, புகாரைப் பெற்ற அலுவலகம் விரையாதது என்று மூன்று இடங்களில் பாதுகாப்பு அறுந்திருந்தது. தனிமனிதர் ஓரளவேனும் காத்துக்கொள்ளக்கூடியது முதல் இடத்தை மட்டும்தான். அந்த ஓரளவை எப்படிக் கூட்டுவது, மற்ற இரண்டு இடங்களில் எதைக் கேட்டு வாங்குவது என்பவைதான் இந்தக் கட்டுரையின் இரண்டு கேள்விகள்.

தொழில்நுட்பத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உரசிப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். ‘இவரை நம்பலாமா?’ என்ற கேள்வி அதற்குப் போதாது. நாம் நம்பித்தான் வாழ்கிறோம், நம்பாமல் ஒரு நாளும் ஓடாது. நம்பிக்கை உடைந்துபோனால் சேதம் எவ்வளவு சிறியதாக நிற்கும் என்று கேட்பதே சரியான அளவுகோல்.

ஜெராக்ஸ் கடைக் கணினி

தனியுரிமை என்றதும் கூகுளும் அமெரிக்க உளவு அமைப்புகளும் நினைவுக்கு வருகின்றன. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு குடும்பத்தின் முழு விவரமும் ஒரே இடத்தில் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் அது பக்கத்து ஜெராக்ஸ் கடையின் கணினிதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பத்திர நகல், வங்கிப் பாஸ்புக், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் என்று எதைப் பிரிண்ட் எடுக்கப் போனாலும், “அண்ணா, இந்த நம்பருக்கு அனுப்பி உடுங்க” என்று கண்ணாடியில் ஒட்டிய எண்ணைக் காட்டுகிறார்கள். அனுப்புகிறோம். கடைக் கணினியில் வாட்ஸ்அப் காலையிலிருந்து இரவுவரை திறந்தே இருக்கிறது. கோப்பைச் சொடுக்கியதும் அது டவுன்லோட்ஸ் என்ற பெட்டிக்குள் இறங்குகிறது. பிரிண்ட் வந்ததும் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நாம் போய்விடுகிறோம். கோப்பு அங்கேயே கிடக்கிறது. மாதக்கணக்கில் சேர்ந்த ஆதார்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அவர் கடையில் ஆள் மாறுவார்கள், கணினி பழுதுபார்க்கப் போகும், ஒருநாள் பழைய விலைக்கு விற்கப்படும். ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியம் கொள்வதில் பொருளில்லை. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. அதையும் கடையில் நாமே உரக்கச் சொல்கிறோம்.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ தரவிறக்கலாம். அதில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டுமே தெரியும். அடையாளம் காட்ட மட்டும் என்றால் பல இடங்களில் இதுவே போதும். நகலின் குறுக்கே ‘இன்ன தேதியில் இன்ன வேலைக்காக மட்டும்’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டால், அதை வேறொரு சிம் வாங்கவோ கடன் எடுக்கவோ பயன்படுத்துவது கடினமாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரிண்ட் முடிந்ததும் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழிக்கலாம். ஆனால் கணினியில் இறங்கிவிட்ட கோப்பை அது அழிக்காது. “டவுன்லோட்ஸ்லயும் அழிச்சிருங்கண்ணா” என்று நின்று கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கைரேகைக்கும் இதே கவனம் தேவை. கைரேகையை மட்டும் வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஆதார் வழி முறையில், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் படியெடுத்துத் திருடிய வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது, போகும் அன்று திறந்துகொள்ள வேண்டும். இந்தச் சிறு சிரமத்தைத் தாங்க முடிந்தவர்கள் பூட்டிவைப்பது நல்லது.

ஒரே எண்ணில் கட்டிய வாழ்க்கை

இந்த வட்டாரத்தின் தொழில்கள் போனில் ஓடுகின்றன. நாமக்கல் முட்டை விலை காலையில் குழுக்களில் வருகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி எந்த மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கிறார். சங்ககிரி லாரிக்கு வாடகை போனில் முடிகிறது. இளம்பிள்ளைச் சேலைகளை வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள் ஏராளம். இவர்களை எண்ணைக் கொடுக்காதீர்கள் என்பது தொழிலை விடுங்கள் என்பதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சேலைப் படத்தின் கீழே போட்ட அதே எண்ணில்தான் வங்கி ஓடிபி வருகிறது, ஆதார் இணைந்திருக்கிறது, ஜிமெயில் மீட்கப்படுகிறது, யுபிஐ முகவரி தொடங்குகிறது. முன்பின் தெரியாதவர் அந்த எண்ணைச் சேமித்தால் டிபியில் குடும்பப் படம் தெரிகிறது. பணம் அனுப்பும் செயலியில் தட்டினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வருகிறது.

வியாபாரத்துக்கென்று தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், டிபியில் சேலைப் படமோ கடைப் பெயரோ. வங்கிக்கும் ஆதாருக்கும் உள்ள எண் வீட்டாருக்கு மட்டும். இந்த ஒரு பிரிவினையே பெரும்பாதி ஆபத்தை வெட்டிவிடும். இரண்டு சிம் போடும் போன்தான் பெரும்பாலும் எல்லோர் கையிலும் இருக்கிறது, கூடுதல் செலவு ரீசார்ஜ் மட்டுமே. பல யுபிஐ செயலிகளில் போன் எண் தெரியாத முகவரியையும் உருவாக்கிக்கொள்ளலாம். ஜவுளிக் கடையில் பில் போடும்போது எண் கேட்டால் மறுக்கலாம். வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நம் பெயரில் நமக்குத் தெரியாமல் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, வேண்டாததைத் துண்டிக்கச் சொல்லலாம்.

படம், குழு, கடன் செயலி

படத்தைப் பற்றிய பாடம் ‘போடாதே’ என்பதாக இருக்க வேண்டியதில்லை. ‘யாருக்குத் தெரிய வேண்டும்’ என்பதை நாமே முடிவு செய்யலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போனால் டிபி, ஸ்டேட்டஸ், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றை ‘என் தொடர்புகள்’ என்று சுருக்கலாம். நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே கட்டுப்படுத்தலாம். இது மகளின் போனில் மட்டும் செய்ய வேண்டிய வேலையும் அன்று. பெண்ணின் படம் அதிகம் வெளியேறுவது அப்பாவின் ஸ்டேட்டஸ், சித்தியின் டிபி, கல்யாண ஆல்பம் ஆகியவற்றின் வழியாகத்தான். புகைப்படக்காரர் அனுப்பும் கூகுள் டிரைவ் இணைப்பு ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று இருந்தால், உறவினர் குழுவிலிருந்து அது எங்கும் போகும். விருந்து முடிந்த மாதமே அந்த இணைப்பை மூடச் சொல்வது பெற்றோரின் பொறுப்பு.

2016இல் ஒரு முகத்தை இன்னோர் உடலில் ஒட்ட ஓரளவு கைவேலை தெரிந்திருக்க வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி அதை நொடிகளில் செய்துவிடும், தெளிவான ஒரு முகப்படம் போதும். அதனால் படத்தின் எல்லையைச் சுருக்குவது முன்பைவிட இப்போது அவசரம்.

படம் வெளியேறும் இன்னொரு வழியைக் கடன் செயலிகள் காட்டின. சில ஆயிரம் ரூபாய்க்காகச் செயலியை இறக்கியவர்களிடம் தொடர்புப் பட்டியல், படங்கள் அனைத்துக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, தவணை தவறியதும் அதை நடத்தியவர்கள் மாமனார், முதலாளி, பள்ளித் தோழி என்று எல்லோருக்கும் ஒட்டுப்படங்களை அனுப்பி மானத்தை அடகு பிடித்தார்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி கடன் செயலி எதுவும் போனில் உள்ள கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றை ஒருமுறை மட்டும், வாடிக்கையாளர் சம்மதத்துடன் கேட்கலாம். ஆக, கடன் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலைக் கேட்டாலே அது விதி மீறுகிறது என்று தெரிந்துகொண்டு அங்கேயே அழித்துவிடலாம். மற்ற செயலிகளிலும் அனுமதிகளைத் திறந்து பாருங்கள். டார்ச் லைட் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? புதிய ஆண்ட்ராய்டு போன்களில் முழு ஆல்பத்தையும் திறக்காமல் தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் அனுமதி தரலாம்.

வீட்டுக்குள்ளும் எல்லை உண்டு. மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவருக்குத் தெரியாமல் எடுத்து நீதிமன்றத்தில் வைத்த கணவரின் வழக்கில், கணவன் மனைவிக்கு இடையிலும் தனியுரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரத்தை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். வேறொரு மணவழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இன்னும் அலைபாய்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, தெரியாத கணினி எதுவும் நம் உரையாடலைப் படிக்கிறதா என்று பார்க்கத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணையும் அன்றே போட்டுவிடலாம்.

சாவி யாரிடம்?

2025 செப்டம்பரில் ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியை நாடு முழுதும் பலர் இறக்கினார்கள். தமிழ்நாட்டில் பிறந்த செயலி, வெளிநாட்டு நிறுவனத்தைச் சார்ந்திருக்க வேண்டாம் என்ற பெருமிதம் இயல்பானதே. ஆனால் அந்த நேரத்தில் அதன் குரல், காணொளி அழைப்புகளுக்கு மட்டுமே முழு மறைகுறியாக்கம் இருந்தது, எழுத்து உரையாடலுக்கு இல்லை. பயனர்கள் அதைக் கேள்வியாக எழுப்பிய பிறகு நிறுவனம் அந்த வசதியைக் கொண்டுவரத் தொடங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

முழு மறைகுறியாக்கம் என்றால் செய்தியைத் திறக்கும் சாவி அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் போன்களில் மட்டும் இருக்கிறது, இடையில் உள்ள நிறுவனத்திடம் இல்லை. வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் இதைத் தருகிறது. ஆனால் கூகுள் கணக்கில் சேமிக்கும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக விழாது, அமைப்புகளில் போய் நாமேதான் போட வேண்டும். செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தை நிறுவனம் சேகரிக்க முடியும். 2021இல் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கையை ஏற்கச் சொல்லிப் பயனர்களை நெருக்கியதற்காக வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. சிக்னல் போன்ற செயலி இந்த விவரங்களை மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமையாளர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கு முன்னால், சாவி யாரிடம், பேக்கப் எங்கே, எவ்வளவு சேகரிக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

நம் கைக்கு எட்டாதவை

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்த ஒருவரின் விவரமும் நாளை வெளியே வரலாம். 2021 ஜூனில் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தோடு தொடர்புடைய சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடைப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து சொன்னது. ஆதார் எண்களும் குடும்ப விவரங்களும் அதில் இருந்தன. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் பாட்கள் வழியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் வழங்கப்பட்டன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அதைத் திருடியவர் சொல்லிக்கொண்டார். மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் அவற்றில் இருந்தன. நிறுவனம் டெலிகிராம் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

ரேஷன் அட்டை வாங்காமல் இருக்க முடியாது. காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்க முடியாது, மறைத்தால் பணம் வராது. பிளஸ் 2 முடிவு வந்த வாரத்தில் முன்பின் கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவது நாமக்கல் பெற்றோர் அறிந்ததுதான். அந்த எண்ணைக் கொடுக்காமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்க முடியாது. இங்கெல்லாம் ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்ற அறிவுரை பழியைப் பாதிக்கப்பட்டவர் மேல் தூக்கி வைக்கிறது. விவரத்தைக் கேட்டு வாங்கியவர்தான் காப்பதற்கும் பொறுப்பு.

உரிமையும் விரைவும்

இந்தியாவில் தனியுரிமைச் சட்ட வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத் துறை தடுக்க முயன்றதால் எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. அதே நேரத்தில், தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கியிருக்கிறது, பொது ஆவணத்தில் இல்லாத ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதமின்றி வெளியிட முடியாது. அந்தக் கைதி 1995 ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். கொலைக்குற்றவாளி ஒருவரின் வழக்கில் உறுதியான அந்த உரிமையை, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமையாக ஒருமனதாக அறிவித்தார்கள்.

உரிமை தாளில் இருந்தது. 2016இல் இளம்பிள்ளையில் இல்லாமல் போனது விரைவு. இன்று அந்த இடத்தில் சில கருவிகள் இருக்கின்றன. அந்தரங்கப் படங்களையும் ஒட்டுப்படங்களையும் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் சமூக ஊடக நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வரம்பு வைத்தன. ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில், படம் நம் போனைவிட்டு வெளியேறாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் அனுப்பலாம். இணைந்திருக்கும் ஊடகங்கள் அதே படம் மீண்டும் ஏறுவதைத் தடுக்க அது உதவும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை அழைக்கலாம். அவசரத்தில் படத்தை அழிக்கவைக்கும் முன் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைக்க வேண்டும், வழக்குக்கு அவைதான் பிடி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டார் “உன் மேல தப்பில்ல” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் கிடைக்காத வீட்டிலிருந்து புகார் வெளியே வராது.

2025இல் பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காணொளி எழுபதுக்கும் மேற்பட்ட தளங்களில் பரவியபோது, 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த ஒருவருக்கே உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. எடப்பாடியிலோ பரமத்தி வேலூரிலோ உள்ள ஒரு தறித் தொழிலாளியின் மகளுக்கு அதே 48 மணி நேரம் உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவு கசிந்தால் உரியவருக்குத் தெரிவிப்பது, நோக்கம் முடிந்ததும் அழிப்பது போன்ற முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே, அதாவது 2027இல், நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விரிந்த விலக்குகளை இதே சட்டம் வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிநபர் விவரம் என்ற பெயரில் அதிகாரிகள் தகவலை மறுக்க வழி விட்டிருக்கிறது. குடிமக்களின் விவரத்தைக் காப்பதாகச் சொல்லும் சட்டம் அரசின் கதவை மூட உதவக் கூடாது.

2027 வரை கைகட்டி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவர் எண்களை யாரிடம் பகிர்கிறோம் என்று பள்ளிகள் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதித் தரலாம். இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் மாலை கடையை மூடும்போது அன்றைய கோப்புகளை அழிக்கும் வழக்கத்தை வணிகர் சங்கங்கள் கொண்டுவரலாம். மாவட்ட சைபர் குற்றப் பிரிவுகள், படப் புகார் வந்த நேரத்தையும் படம் நீங்கிய நேரத்தையும் மாதந்தோறும் வெளியிடலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இவற்றைக் கேட்டு எழுத்தில் பதிவு செய்யவைப்பது நம் வேலை. நம் போனில் போடும் பூட்டோடு இந்தக் கேள்விகளும் சேர்ந்தால்தான் தனியுரிமை என்பது வசதி உள்ளவர்களின் சலுகையாகச் சுருங்காமல் எல்லோருக்கும் உரிய உரிமையாக நிற்கும்.